விறகு விலைக்குத் தண்ணீர் வாங்குவதா?

நம் உறுப்பினர்களில் நெசவாளர் ஒரு சாரார். பயிர்த்தொழில் செய்வோர் மற்றொரு சாரார். இருவர் தொழிலும் வெவ்வேறாகத் தோன்றினும் அடுப்பினருகே அவை ஒன்றுகூடிவிடுகின்றன. நூலுக்குச் சாயமேற்ற வெந்நீர் வேண்டும். பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். பட்டின் பசையை நீக்கச் சவர்க்காரக் கரைசலைக் கொதிநிலைக்கு அருகில் நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். கரும்பு விளைவிப்போர் சாற்றை வற்றக் காய்ச்சி வெல்லமாக்க வேண்டும். மஞ்சள் விளைவிப்போர் கிழங்கை வேகவைத்தே உலர்த்த வேண்டும். எரிவாயுவும் மின்சாரமும் எங்கும் பரவிவிட்ட இக்காலத்திலும் இத்தகைய பெருங்கொப்பரைகளின் அடியில் விறகோ, சக்கையோ, வேறு கழிவோ எரிகின்ற இடங்கள் பல உள.

விறகை நாம் எடை போட்டு வாங்குகிறோம். ஆனால் நமக்கு வேண்டியது எடை அன்று, உஷ்ணம். எடைக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள உறவு இன்னதென்று அறியாமல் வாங்குவோர், நூற்றுக்கு நாற்பது பங்கு வரை பணத்தை வீணாக்க நேரும் என்பதை இக்கட்டுரையில் கணக்குப் போட்டே காட்டக் கருதுகிறோம். கணக்கு கடினமானதன்று, கூட்டலும் பெருக்கலும் அறிந்தோர் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில், எரிதல் என்பது யாது?

மரம், வைக்கோல், உமி, சாணம் ஆகிய உயிர்ப்பொருள்கள் யாவும் பெரும்பாலும் மூன்று மூலப்பொருள்களால் ஆனவை. ஈரம் முற்றும் போக்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன்; நூற்றுக்கு 6 பங்கு ஹைட்ரஜன்; மிச்சத்தில் பெரும்பகுதி பிராணவாயு. எரிந்தபின் சாம்பலாய் நிற்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. செடி இம்மூன்றையும் எங்கிருந்து பெற்றது? காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்தும், வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்தும் பெற்றது. இவ்விரண்டும் எரிந்து முடிந்த பொருள்கள். அவற்றிலிருந்து உஷ்ணம் எதுவும் எடுக்க முடியாது. வெயிலின் சக்தியைக் கொண்டு இலையானது அவற்றைப் பிரித்துப் பிராணவாயுவில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டு, மற்றவற்றைச் சர்க்கரையாகவும் நாராகவும் கட்டிவைக்கிறது.

இதனைக் கிணற்று நீரை ஏற்றம் இறைத்து மேட்டுத் தொட்டியில் நிரப்புவதற்கு ஒப்பிடலாம். மேலே ஏற்றப் பட்ட பாடு தொட்டி நீரில் தங்கியிருக்கிறது. மடையைத் திறந்தால் நீர் பாய்ந்து வந்து ஒரு சக்கரத்தையே சுற்றிவிடும். விறகு எரியும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. பிரிந்திருந்த கார்பனும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மீண்டும் இறுகச் சேர்கின்றன. சேரும்போது, பிரிக்கச் செலவான சக்தி உஷ்ணமாகவும் ஒளியாகவும் வெளிப்படுகிறது. அடுப்பில் நாம் காண்பது முந்தைய ஆண்டுகளின் வெயிலே எனலாம்.

உடலினுள்ளும் இதுவே நடைபெறுகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லவாஸியே, தம் நண்பர் லாப்லாஸுடன் சேர்ந்து 1783ஆம் ஆண்டில் காட்டினார். ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கூண்டில் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகிற்று என்று அளந்தனர். அப்பிராணி வெளிவிட்ட அளவு கரியமிலவாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதையும் அளந்து ஒப்பிட்டனர். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மூச்சு விடுதல் மெல்ல எரிதலே என்று அறியப்பட்டது அன்றுதான். அரிசி ஒரு கிலோவில் உள்ள சக்தியும், நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் உள்ள சக்தியும் ஏறத்தாழச் சமமாயிருப்பது கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. சோற்றிலுள்ள மாவுப்பொருளும், மரத்திலும் பருத்தியிலும் உள்ள நார்ப்பொருளும் ஒரே சர்க்கரையை வெவ்வேறு வகையில் கோத்தமையால் விளைந்தவை. நாம் தறியில் பூட்டும் பருத்தி நூலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இந்த நார்ப்பொருளே.

உஷ்ணத்தை அளக்கக் கிலோகலோரி என்னும் அளவு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த வேண்டிய உஷ்ணமே ஒரு கிலோகலோரி. முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோ எரிந்தால் அடுப்புக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 4,400 கிலோகலோரி. சவுக்கு, வேம்பு, சீமைக்கருவேல் என்று மரம் எதுவாயினும், ஒரே அளவு உலர்ந்த நிலையில் எடைக்கு எடை இவ்வளவில் பெரிய வேறுபாடு இராது. கனத்த மரம் மெல்ல நின்று எரியும். மென்மரம் சடசடவென்று எரிந்து தீரும். வேறுபாடு எரியும் வேகத்திலேயன்றி, கிலோவுக்குக் கிடைக்கும் உஷ்ணத்தில் அவ்வளவாக இல்லை. இன்ன மரத்து விறகுக்குத்தான் வீரியம் என்று வாதிடுவோர் அதன் ஈரத்தைக் கவனிப்பதில்லை.

அந்த ஈரத்துக்கே வருவோம். வெட்டிய அன்றைய மரத்தில், இனத்தையும் பருவத்தையும் பொறுத்து, எடையில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு வரை தண்ணீராகவே இருக்கும். 45 பங்கு என்று வைத்துக்கொள்வோம். விறகுத் தொட்டியில் 100 கிலோ எடை போட்டு வாங்கினால் வண்டியில் வருவது 55 கிலோ மரம், 45 கிலோ தண்ணீர். இத்தண்ணீர் வெறுமனே இருந்துவிடுமா? எரியுமுன் ஆவியாகியே தீர வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 580 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். அவ்வாவி புகையோடு வெளியேறுவதால் அச்சூடு நமக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

ஒரு கிலோ பச்சை விறகில் உள்ள மரப்பகுதி தரக்கூடியது 2,420 கிலோகலோரி. அதிலுள்ள நீரை ஆவியாக்கப் போவது 260. நிகரமாய் நிற்பது 2,160. இதே விறகை நூற்றுக்கு 15 பங்கு ஈரமாகும்வரை உலர்த்தி எடுத்தால் ஒரு கிலோவுக்கு 3,650 கிலோகலோரி கிடைக்கும். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கினோர் பச்சை விறகில் நூற்றுக்கு 40 பங்கு உஷ்ணத்தை இழந்து நிற்கின்றனர். இதைத்தான் தலைப்பில் விறகு விலைக்குத் தண்ணீர் வாங்குதல் என்றோம்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மேற்கண்ட 100 கிலோ பச்சை விறகை நாமே உலர்த்தினால் அது ஏறத்தாழ 65 கிலோவாகக் குறையும். அந்த 65 கிலோவிலிருந்து கிடைக்கும் மொத்த உஷ்ணம், பச்சையாகவே எரித்தால் கிடைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குதான் அதிகம். ‘இவ்வளவுதானா? இதற்காகவா மாதக்கணக்கில் காத்திருப்பது?’ என்று கேட்கத் தோன்றும். ஏட்டுக் கணக்கில் அவ்வளவுதான். அடுப்பில் நிகழ்வது வேறு.

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் கட்டை நேராக எரிவதில்லை. சூடேறியதும் முதலில் ஈரம் போகிறது. ஈரம் போனபின் சூடு 200, 300 டிகிரியைக் கடக்கும்போது மரம் தன்னுள்ளிருந்து வாயுக்களையும் தார்ப்புகையையும் வெளியிடுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் இவ்வாறு வாயுவாகவே பிரிந்துவிடும். அவ்வாயு காற்றோடு கலந்து எரிவதே சுடர். எஞ்சி நிற்கும் கரியே தணலாய்ப் பின்னர் எரிகிறது. ஆகவே நம் விறகில் பெரும்பங்கு உஷ்ணம் புகையில் இருக்கிறது. அப்புகை எரிந்தால் லாபம், எரியாது போனால் நட்டம்.

இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். எரியும் சுள்ளி ஒன்றை ஊதி அணைத்தால் அதன் நுனியிலிருந்து வெண்புகை எழும். அப்புகையின்மீது தீக்குச்சிச் சுடரைக் காட்டினால் புகை பற்றிக்கொண்டு சுடர் சுள்ளிக்கே திரும்பக் காணலாம். புகை என்பது கழிவன்று, எரியாது தப்பிய எரிபொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

புகை எரிவதற்கு இரண்டு வேண்டும்: ஏறத்தாழ 600 டிகிரிச் சூடு, போதிய காற்று. ஈர விறகில் நீராவி இடைவிடாது எழுந்து அடுப்பின் உட்புறத்தைக் குளிரச் செய்வதால், புகை பற்றும் சூடே அங்கு ஏற்படுவதில்லை. எரியாத வாயு கொப்பரையின் அடியில் கரிப்பூச்சாகவும் புகைக்குழலில் தாராகவும் படிந்தது போக, மீதி வானத்துக்குச் செல்கிறது. பத்தில் ஒரு பங்கு என்று ஏட்டில் கண்ட நட்டம் நடைமுறையில் பன்மடங்காவது இதனாலேதான். கரிப்பூச்சும் லேசான தீங்கன்று. அது சூட்டை உலோகத்துக்குள் எளிதில் விடாத போர்வையாகிறது.

காற்றைப் பற்றியும் கூற வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். விறகை அடுப்பு வாய் நிறையத் திணிப்போர் இதை மறந்துவிடுகின்றனர். காற்றுப் போதாவிடில் கார்பன், கரியமிலவாயு ஆவதற்கு மாறாகக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவாக நின்றுவிடுகிறது. ஒரு கிலோ கார்பன் முழுதும் எரிந்தால் 7,800 கிலோகலோரி. மோனாக்ஸைடோடு நின்றுவிட்டால் 2,200 தான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. போனதோடு நில்லாது ஆளையும் கொல்லும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிர்காலத்தில் பட்டுப்புழு மனையைக் கரியடுப்பு வைத்து வெதுவெதுப்பாக்குவோர் சாளரத்தை முற்றிலும் அடைத்துவிடலாகாது என்று எச்சரிக்கிறோம். தணல் புகையாமல் கனிந்திருக்கிறதே என்று நம்பி உறங்கியோர் மீண்டும் எழாத செய்திகளைப் பத்திரிகைகளில் கண்டிருக்கிறோம்.

புகையின் மற்றத் தீங்கு யாவரும் அறிந்ததே. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கஞ்சி காய்ச்சுவதும் சாய அடுப்பு பார்ப்பதும் நம் வீடுகளில் பெரும்பாலும் யார் பொறுப்பு என்பதை எண்ணிப் பார்த்தால், இது எரிபொருட் செலவைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று என்பது விளங்கும்.

புகையற்ற அடுப்புக்கான முயற்சி நம் நாட்டில் நெடுநாளையது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் நடத்திவந்த கிராமக் கைத்தொழிற் சங்கத்தார் வார்தாவிலுள்ள மகன்வாடியில் ஓர் அடுப்பை உருவாக்கினர், ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு அவர்கள் 1950களில் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வகுத்தார். 1983இல் மத்திய அரசு தொடங்கிய அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்து நின்றது. அத்திட்டத்தில் கட்டிய அடுப்புகள் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. புகைபோக்கியைத் துடைக்க யாரும் முன்வராததும், பாத்திரத்துக்கு ஏற்ற வாய் அமையாததும் அதற்குக் காரணங்கள். சங்கங்கள் அடுப்புக் கட்டும்போது கட்டும் செலவை மட்டும் தீர்மானத்தில் எழுதினால் போதாது. மாதந்தோறும் குழலைத் துடைப்போர் யார் என்பதையும் எழுதிவைத்தல் நலம் என்பது எம் கருத்து.

இனிச் சாயக் கொட்டகைக்கு வருவோம். 200 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டுமென்று கொள்வோம். வேண்டிய உஷ்ணம் 12,000 கிலோகலோரி. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில், விறகு தரும் உஷ்ணத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கே பாத்திரத்துக்குச் செல்லும். மீதி பக்கங்களிலும் மேலும் பாய்ந்து போய்விடும். 15 பங்கு என்று தாராளமாகக் கொண்டால், நன்கு காய்ந்த விறகு 22 கிலோ செலவாகும். பச்சை விறகைப் புகைத்துப் புகைத்து எரித்தால் 10 பங்கு தேறுவதே அரிது. அப்போது வேண்டுவது 56 கிலோ. கொப்பரையைச் சுற்றிச் சுவரெழுப்பி, அடியில் இரும்புக் கம்பித் தட்டமைத்து, புகைபோக்கி வைத்து 25 பங்கு தேறச் செய்தால் காய்ந்த விறகு 13 கிலோ போதும். 56 எங்கே, 13 எங்கே? நீரும் அதே நீர், சாயமும் அதே சாயம்.

கம்பித் தட்டு இல்லாத அடுப்பில் சாம்பல் குவிந்து கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது. அதற்காகக் காற்று வழியை எல்லையின்றித் திறந்துவிடுவதும் ஆகாது. வேண்டாத காற்று சூட்டை வாரிக்கொண்டு புகைக்குழல் வழியே போய்விடும். சுடர் கொப்பரையின் அடியைத் தழுவிச் செல்ல வேண்டும். அடியில் மோதிக் கருகவும் கூடாது, பக்கத்தில் நழுவி ஓடவும் கூடாது. இதைக் கைப்பழக்கத்தால் அறிந்த கொத்தர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றனர்.

கொதிக்கக் கொதிக்க எரித்தால்தான் சாயம் நன்கு ஏறும் என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். நீர் கொதிக்கத் தொடங்கிய பின் எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு 100 டிகிரியைக் கடவாது. மேலும் எரிப்பதெல்லாம் நீரை ஆவியாக்கவே போகிறது. 200 லிட்டரில் 10 லிட்டர் ஆவியாகிவிட்டால் செலவான உஷ்ணம் 5,400 கிலோகலோரி. அதாவது முழுத் தொட்டியையும் சூடேற்றியதில் ஏறத்தாழப் பாதி. விறகுக் கணக்கில் மேலும் 10 கிலோ. ஒரு மரமூடி இதைப் பெரிதும் தடுத்துவிடும்.

வெல்லம் காய்ச்சுவோர்க்கோ நீரை ஆவியாக்குவதே தொழில். அவர்கள் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 100 கிலோ கரும்பை ஆலையிலிட்டால் ஏறத்தாழ 60 கிலோ சாறும் 40 கிலோ சக்கையும் கிடைக்கின்றன. சாறு 10 கிலோ வெல்லமாக வேண்டுமானால் 50 கிலோ நீரை ஓட்ட வேண்டும். சாற்றைக் கொதிநிலைக்குக் கொணர்வதையும் சேர்த்து இதற்கு 30,000 கிலோகலோரிக்குச் சற்று அதிகமாகும். சக்கையிலோ பாதி ஈரம். 20 கிலோ உலர்பொருள் இருக்கிறது. வெயிலில் நன்கு காயவைத்தால் ஏறத்தாழ 23 கிலோ காய்ந்த சக்கை, அதிலிருந்து 80,000 கிலோகலோரி. ஆகவே அடுப்பானது எட்டில் மூன்று பங்கு உஷ்ணத்தைச் சாற்றுக்கு ஏற்றிவிட்டால், கரும்பு தன் சக்கையைக் கொண்டே தன்னை வெல்லமாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு சுள்ளியும் வேண்டா. அடுப்பு அதற்குக் குறைந்தால் விறகு வாங்க வேண்டும்; சக்கை காயாதிருந்தால் இன்னும் அதிகமாக வாங்க வேண்டும்.

‘சர்க்கரை ஆலைகளில் சக்கையைக் காயவைப்பதே இல்லையே, ஈரத்தோடேயல்லவா எரிக்கின்றனர்?’ என்று வினவலாம். உண்மைதான். பாதி ஈரமுள்ள சக்கையே அங்கு எரிகிறது. கிலோவுக்கு 1,800 கிலோகலோரிதான் கிடைக்கிறது. ஆனால் அங்குள்ள கொதிகலன்களின் உலை பெரியது. உள்ளே புகுந்த ஈரச் சக்கையை உடனே உலர்த்திப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடு அதில் நிலைபெற்றிருக்கிறது. கவுந்தப்பாடிப் பக்கத்துக் கொட்டகை அடுப்புக்கு அந்த வசதி ஏது? நமக்கு வெயில்தான் கொதிகலன்.

அடுப்பைத் திருத்தவும் வழியுண்டு. முதற்கொப்பரையின் அடியைக் கடந்து வரும் சூட்டுக்காற்று நேரே குழலுக்குச் செல்லாமல், இரண்டாவது மூன்றாவது கொப்பரைகளின் அடியிலும் சென்று அங்குள்ள புதுச்சாற்றை வெதுப்பும்படி அமைப்பதே அது. லக்னோவிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மூன்று கொப்பரை அடுப்பை வகுத்துள்ளனர். விறகு போதாத குறைக்குப் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கும் வழக்கத்தை மட்டும் அறவே விலக்க வேண்டும். அவற்றில் உஷ்ணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கந்தகப் புகையும், சிலவகைப் பிளாஸ்டிக்கிலிருந்து குளோரின் சேர்ந்த நச்சும் எழுகின்றன. நாம் காய்ச்சுவது உண்ணும் பொருள்.

வயல்களில் கிடைக்கும் மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. கிலோவுக்கு 3,000 கிலோகலோரியும் அதற்குச் சற்று மேலும் தரும். பிறவியிலேயே உலர்ந்தது என்பது அதன் சிறப்பு. ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்து. சாம்பலைத் தள்ள வழி செய்யாத அடுப்பில் உமி அணைந்து அணைந்து புகையும். நிலக்கடலை ஓடும் தேங்காய்ச் சிரட்டையும் நல்ல விறகுக்கு நிகரானவை. கரும்புச் சோகையையும் வைக்கோலையும் வயலிலேயே கொளுத்துவது யாருக்கும் உஷ்ணம் தராத எரிப்பு. மண்ணுக்குச் சேர வேண்டிய தழைச்சத்தும் காற்றோடு போய்விடுகிறது.

பருத்திமாரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எரிபொருளாக அது விறகுக்குக் குறைந்ததன்று. காயட்டும் என்று வயலோரத்தில் அடுக்கி அடுத்த பருவம் வரை விட்டுவைத்தால், வெடியாத காய்களில் தங்கிய இளஞ்சிவப்புக் காய்ப்புழு புதுப்பயிருக்குத் தாவிவிடும். ஆகவே கடைசி எடுப்பு முடிந்ததும் பிடுங்கிக் காய்களை அகற்றித் துண்டாக்கி, கோடைவெயிலில் விரைவில் உலர்த்தி, வயலுக்கு அப்பால் கொண்டு சேர்த்து, விதைப்புக்கு முன்பே எரித்துத் தீர்த்துவிட வேண்டும்.

சாணம் வேறு கணக்கு. 25 கிலோ பச்சைச் சாணத்தில் 5 கிலோதான் உலர்பொருள். வறட்டி தட்டி எரித்தால் ஏறத்தாழ 15,000 கிலோகலோரி; வறட்டி அடுப்பில் பாத்திரத்துக்குச் செல்வது 1,500 முதல் 1,800 வரை. அதே சாணத்தைச் சாண எரிவாயுக் கலத்தில் இட்டால் ஒரு கனமீட்டர் வாயு கிடைக்கும். அதன் உஷ்ணம் 4,700 தான். ஆயினும் வாயு அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குச் செல்வதால் 2,600 தேறும். எரித்த வறட்டியில் தழைச்சத்து அழிந்தது. கலத்திலிருந்து வெளிவரும் கரைசலிலோ அது வயலுக்குத் திரும்பிவிடுகிறது. ஜஷ்பாய் படேல் அவர்கள் 1950களின் தொடக்கத்தில் மிதக்கும் கலத்தை வகுத்தது முதல் இக்கணக்கு மாறவில்லை. கலத்தைப் பராமரிக்கும் பொறுமைதான் பல ஊர்களில் குறைந்துவிட்டது.

கரியைப் பற்றி ஒரு குறிப்பு. ராமநாதபுரம், விருதுநகர் வட்டாரங்களில் சீமைக்கருவேலை மூட்டம் போட்டுக் கரியாக்குகின்றனர். கரி கிலோவுக்கு 7,000 கிலோகலோரி தருவதால் அதுவே சிறந்ததென்று தோன்றும். ஆனால் மூட்டத்தில் 100 கிலோ விறகிலிருந்து கிடைக்கும் கரி 15 முதல் 20 கிலோ. விறகில் இருந்த உஷ்ணத்தில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே புகையாய்ப் போயிற்று. தொலைவுக்கு ஏற்றி அனுப்பவும், புகையின்றி எரிக்கவும் கரி நன்று. மரம் அருகிலேயே இருக்கும் ஊரில் கொப்பரைக்குக் கரி வாங்குவது பொருந்தாது.

இனி, வாங்கும் முறை. கொள்முதல் செய்யும் சங்கம் விறகின் ஈரத்தை அளந்தே விலை பேச வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. வண்டியின் பல இடங்களிலிருந்து கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வாளால் அறுத்துத் துண்டுகளையும் தூளையும் சேர்த்துச் சரியாக ஒரு கிலோ நிறுத்துக்கொள்ளவும். அதைக் கருகிவிடாதபடி கொதிநீரைவிடச் சற்று மிகுந்த சூட்டில், எடை மேலும் குறையாது நிற்கும்வரை உலர்த்தவும். ஒரு கிலோ 700 கிராமாகி நின்றால் ஈரம் நூற்றுக்கு 30 பங்கு என்று அறியலாம். கட்டையின் நுனியை மட்டும் அறுத்துப் பார்த்தல் கூடாது. நுனி முதலில் காய்ந்துவிடுமாகையால் அது நம்மை ஏமாற்றும்.

15 பங்கு ஈரமுள்ள விறகுக்கு ஒரு குறிப்பிட்ட எடை 100 ரூபாய் பெறுமானால், உஷ்ணக் கணக்கின்படி அதே எடையுள்ள 20 பங்கு ஈர விறகு 93 ரூபாய், 30 பங்குக்கு 80 ரூபாய், 45 பங்குக்கு 59 ரூபாய் பெறும். பச்சை விறகு வாங்கலாகாது என்று நாம் கூறவில்லை. 59 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கி உலர்த்திக்கொள்ளலாம். பல இடங்களில் அதை 90க்கும் 95க்கும் விற்கின்றனர் என்பதே குறை. இடமும் முதலும் உள்ள சங்கங்கள் மலிவான காலத்தில் பச்சையாக வாங்கி உலர்த்தி, உறுப்பினர்க்கு உலர் எடையில் வழங்கினால், தனித்தனியே வாங்கும் நெசவாளர் எவராலும் பெற இயலாத ஆதாயம் கிடைக்கும்.

உலர்த்தும் முறையும் எளிதே. தை, மாசியில் வெட்டிய விறகைப் பட்டையோடு உருட்டுக்கட்டையாக விடாமல் பிளந்துவிட வேண்டும். பட்டை நீரை வெளியே விடாது. வெட்டுவாயும் பிளந்த முகமுமே நீரை விடும். தரையில் குவிக்காமல் கல்லின் மீது குறுக்குச் சட்டமிட்டு, கட்டைகளுக்கிடையே காற்று ஓடும்படி அடுக்க வேண்டும். அடுக்கின் நீளப்பக்கம் காற்று வீசும் திசையை எதிர்நோக்கி இருத்தல் நன்று. மேலே கூரை வேண்டும், பக்கங்களை மூடலாகாது. பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் மணிக்கட்டுப் பருமனுள்ள விறகு உலர்ந்துவிடும். தொடைப் பருமனுள்ளது பிளக்காவிடில் அந்த ஆண்டு உலராது. ஐப்பசி மழைக்கு முன்னர் எல்லாவற்றையும் கூரைக்கடியில் சேர்த்துவிடுவது அவசியம்.